கடல் இருக்கும் பக்கம் வடக்கு

1

பருத்தித்துறையில் பிறந்த பிள்ளைக்கு வடக்கு எது என்று யாரும் படிப்பிப்பதில்லை. கடல் இருக்கும் பக்கம் வடக்கு, அவ்வளவுதான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் காது அலைச் சத்தத்தைத் தேடிப் பிடித்துவிடும், கை தானாக நீளும். பாய் விரிக்கும்போது எங்கள் அம்மா "கடல் பக்கம் தலை வையாதை" என்றுதான் சொல்லுவா. வடக்குப் பக்கம் என்று சொல்லமாட்டா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேசப்படம் பார்க்கத் தெரியாது. ஆனால் திசை தெரியாதவள் என்று இந்த வயது வரைக்கும் என்னை ஒருவரும் சொன்னதில்லை. சென்ற புரட்டாசியில்தான் அந்தப் பெயரும் வந்தது.

அன்று பின்னேரம் எங்கள் கட்டிடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் செல்வி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "இன்றிரவு ரொறன்ரோவிலும் வடதுருவ ஒளி தெரியும். இருட்டான இடமாகப் போய் வடக்கே பாருங்கள்." அதை நான் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது என்னவென்று சொல்லவேண்டும். இந்த நாட்டின் வடக்கு அந்தத்தில் சில இரவுகளில் வானத்தில் வெளிச்சம் ஆடும். நிலவும் இல்லை, மின்னலும் இல்லை. காற்றில் திரைச்சீலை ஆடுவதுபோல் பச்சையும் சிவப்புமாக ஆடுமாம். சூரியனில் இருந்து ஏதோ வந்து பட்டு அப்படி எரிகிறதாம். எங்கள் பக்கத்துக்கு அது இறங்கி வருவது குறைவு. வந்தாலும் நகரத்து லைற்றுகளுக்குள் தெரியாது.

நான் அதைக் கண்டதில்லை. இவர் கண்டிருக்கிறார். எத்தனையோ தரம். இவர் என்றால் என்னுடைய மனுசன்தான். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, எழுதியும் பழக்கமில்லை. இவருக்கு இப்போது கண் போய்க்கொண்டிருக்கிறது. முழுக்கப் போகமுதல் ஒருநாள், ஒரேயொரு நாள், இவருக்குப் பக்கத்தில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. வேறு ஆசை என்று பெரிதாக இப்போது ஒன்றும் இல்லை.

"இஞ்சருங்கோ, வெளிக்கிடுங்கோ," என்றேன்.

"எங்கை?"

"லேக்கடிக்கு. வட வெளிச்சம் தெரியுமாம்."

"நீர் போய்ப் பாருமன்," என்றார்.

"தனியப் போய்ப் பாக்கிறதெண்டால் இவ்வளவு காலமும் பாத்திருக்க மாட்டனே? எழும்புங்கோ, பஸ் வரப்போகுது."

மோர்னிங்சைட்டில் பஸ் ஏறி, இன்னொன்றுக்கு மாறி, ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். ஒன்ராறியோ ஏரி என்று பெயர்தான் ஏரி. நின்று பார்த்தால் அக்கரை தெரியாது, அலை அடிக்கும். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வாங்கு இருந்தது. இருவரும் அதில் இருந்தோம். மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணை வெட்டாமல் தண்ணீருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தண்ணீர், அதற்கு மேலே கறுப்பு வானம். தூரத்தில் ஒரு கப்பலோ என்னவோ ஒரு புள்ளி.

எங்களுக்கு முன்னால் கரையில் நின்ற இளஞ்சோடி ஒன்று தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றது. எங்கள் தலைக்கு மேலால் போனை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். ஓ, ஓ என்று கத்தினார்கள். றோட்டுப் பக்கம் என்ன புதினம் கிடக்கிறதென்று படம் எடுக்கிறார்கள், விசர்ப் பிள்ளைகள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடுத்தவர் செய்வதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

"ஏதும் தெரியுதோ?" என்று இவர் கேட்டார்.

"இன்னும் வரேல்லை."

"குளிருதே உமக்கு?"

"இல்லை."

கடைசி பஸ் போய்விடும் என்று எழும்பி வந்தோம்.

2

அடுத்த நாள் காலை லிப்டுக்குள் செல்வி.

"அக்கா, பாத்தனீங்களே? என்ன வடிவு!" என்று போனை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். எங்கள் கட்டிடத்துப் பின்பக்கக் கார் நிற்பாட்டும் இடம். அதற்கு மேலே வானம் ஊதாவும் பச்சையுமாக.

"நாங்கள் லேக்கடியிலை நிண்டனாங்கள், ஒண்டும் வரேல்லை," என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்தனீங்கள்?"

"என்ன கேள்வி பிள்ளை? வடக்கைதான். தண்ணிப் பக்கம்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, லேக் தெற்கல்லோ!"

"உனக்கு ஆர் சொன்னது?"

"லேக்குக்கு அங்காலை அமெரிக்கா. அமெரிக்கா எங்களுக்குத் தெற்கு."

"அமெரிக்கா எங்கை கிடந்தால் எனக்கென்ன? தண்ணி இருக்கிற பக்கம் வடக்கு."

அவள் சண்டை பிடிக்கவில்லை. போனில் திசை காட்டுகிற ஒன்றைத் திறந்து காட்டினாள். சிவப்பு ஊசி குப்பை போடுகிற அறைப் பக்கம் போய் நின்றது. போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. லிப்ட் கதவு திறந்து மூடி, நாங்கள் இறங்காமலே திரும்ப மேலே போனோம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பல்கனியில் நின்று பார்த்தேன். கட்டிடங்களுக்கு இடையில் ஒரு கோடு போல ஏரி தெரிந்தது. சரி, அது வடக்கு என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். கட்டிலை அதற்கு ஏற்றபடி போட்டேன், தலை தண்ணீருக்கு எதிர்ப்பக்கம். அதாவது இத்தனை வருடமும் வடக்கே தலை வைத்து நானும் படுத்து, இவரையும் படுக்கவைத்திருக்கிறேன். தலையிடி, கால் உளைவு, மகள் வாணிக்குச் சம்பந்தம் ஒன்றும் சரிவராதது, எல்லாவற்றுக்கும் காரணம் லிப்டுக்குள் வைத்துப் பிடிபட்டது.

சூரியனைப் பார்த்துத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு யன்னல்களுக்குச் சூரியன் எழும்புவதும் தெரியாது, படுவதும் தெரியாது. வெளியில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன்தான். என் கணக்கில் அது மேற்கே எழும்பிற்று. இந்த நாட்டில் வாகனம் மாறிய பக்கத்தால் ஓடுகிறது, லைற் சுவிச்சை மேலே தட்டினால் எரிகிறது. சூரியனும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றே கட்டிலைத் திருப்பினோம். கால் பக்கம் ஹீற்றரில் முட்டிற்று. அலுமாரிக் கதவு திறக்கவில்லை. பின்னேரம் பழையபடி போட்டோம். தலையணையை மட்டும் மறுபக்கம் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இஞ்சருங்கோ," என்றேன், "கனடா முழுக்க ட்ரக் ஓடின மனுசன் நீங்கள். லேக் தெற்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தேத்தண்ணி ஒண்டு போடுமன்," என்றார்.

3

என்னுடைய கல்யாண வாழ்க்கை வாகனச் சத்தத்துக்குக் காது கொடுத்த வாழ்க்கை.

கலியாணம் முடித்த காலத்தில் இவர் பருத்தித்துறையில் இருந்து கொழும்புக்கு லொறி ஓடினார். வெங்காயமும் புகையிலையும் போகும், சீமெந்தும் மாவும் வரும். வந்து ஒருநாள் நிற்பார், அடுத்த நாள் போய்விடுவார். சந்தியில் கியர் மாற்றுகிற சத்தத்தில் இவருடைய லொறியை நான் பிரித்துச் சொல்லுவேன். சத்தம் கேட்டதும் உலை வைப்பேன், இவர் கை கால் கழுவி வரச் சோறு சரியாக இருக்கும். பிறகு சண்டை வந்து றோட்டுகள் மூடின. லொறி போயிற்று. வாணியைக் கையில் ஏந்திக்கொண்டு இங்கே வந்து இறங்கினோம்.

இங்கே இனி ஓரிடத்தில் இருப்பார் என்று நினைத்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். முகம் கறுத்துப்போயிற்று. ஒருநாள் வந்து, பெரிய ட்ரக் ஓடுகிற லைசன்ஸ் எடுத்துவிட்டேன் என்றார். அன்றைக்கு இவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மறிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரொறன்ரோவில் வெளிக்கிட்டால் வின்னிபெக். போகும் வழியெல்லாம் காடும் குளமும்தான் என்பார். தொலைபேசி காட் வாங்கி வைத்திருந்து, வழியில் வாவா என்ற சின்ன ஊர்ப் பக்கம் ட்ரக் நிற்பாட்டுகிற இடம் ஒன்றில் இருந்து போன் எடுப்பார். வாணி நித்திரையாகிவிட்ட நேரமாக இருக்கும்.

"இஞ்சை வானம் பச்சையாய்க் கிடக்கப்பா," என்பார். "ஆடுது. சத்தமில்லாமல் ஆடுது. வெளியிலை வந்து பாரும், உமக்கும் தெரியும்."

நான் போனைக் காதில் வைத்தபடி வயர் நீளுகிற அளவுக்கு இழுத்துக்கொண்டு பல்கனிக் கதவடிக்குப் போவேன். றோட்டு லைற்று மஞ்சளாக எரியும். எதிர்க் கட்டிடத்தில் ஒருவர் நின்று சிகரெட் பிடிப்பார்.

"ஒண்டும் தெரியேல்லை," என்பேன்.

"வடிவாய்ப் பாரும்."

"நீங்கள் எனக்குப் பிராக்குக் காட்டுறதுக்குக் கதை சொல்லுறியள். பிள்ளைக்கு மூண்டு நாளாய்க் காய்ச்சல். அதைக் கேட்டியளே?"

பிறகு காட் முடியப்போகிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும்.

ஒருநாள் உம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பிறகு எனக்கு வேலை. பிறகு கொம்பனி ஆள் ஏற்ற விடாது. அப்படி அப்படி வயது போயிற்று. வீட்டில் நின்ற நாட்களில் நித்திரை கொண்டார், நான் இவருடைய உடுப்புத் தோய்த்தேன், சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் இருந்தோம் என்று சொல்லலாம். சேர்ந்து இருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சண்டை சச்சரவு இல்லை. ஆனால் இந்த மனுசன் இருட்டில் தனியே நின்று எதைப் பார்த்தாரோ, அதில் எனக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் உள்ளே கிடந்தது. ஊரை நினைத்து அழுகிறாயா என்று இங்கே என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஊரை நினைத்து அழுததைவிட, வாவாவை நினைத்து நான் கூட அழுதிருக்கிறேன். அந்த இடத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை.

4

கண் விசயம் முதலில் எனக்கும் தெரியாது. மறைத்துவிட்டார். சோற்றில் கறியைத் தேடி விரல் அலையும். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் காரை நிற்பாட்டப் போய்ச் சுவரில் தட்டினார். ஆளுக்கு ஒன்றுமில்லை. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணுக்குப் பின்னால் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். இரண்டு கண்ணிலும். நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு. ஓரங்கள் இருக்கும், அது உடனே போகாது என்றார் டொக்டர். பிறகு இன்னொன்றும் சொன்னார். இப்படியானவர்களைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டியது தன்னுடைய கடமையாம். கொஞ்ச நாளில் லைசன்ஸ் செல்லாது என்று கடிதம் வந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்து, படம் போட்ட வேறொரு அட்டை எடுக்க இருவரும் லைசன்ஸ் கந்தோருக்குப் போனோம். வாணி வேலையில் நின்றாள். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு நானே ஆங்கிலத்தில் சொன்னேன், லைசன்ஸை முன்னால் வைத்து. "மை ஹஸ்பண்ட் பினிஷ்." ஓட்டம் முடிந்தது என்றுதான் நான் சொன்னேன். அந்தப் பிள்ளை நெஞ்சில் கையை வைத்து, முகம் வாடி, இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம் என்றது. அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். இவர் எனக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

வெளியே வந்து இருவரும் சிரித்தோம். பஸ் தரிப்பில் நின்று சிரித்துச் சிரித்து இவருக்கு இருமல் வந்துவிட்டது. "உள்ளதைத்தானே சொன்னனீர்," என்றார் கடைசியில்.

ஏரிக்கரைக்குப் போய் வந்து சில நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது நான் திரும்பவும் கேட்டேன். இந்த முறை விடவில்லை.

"தெற்கெண்டு தெரிஞ்சுகொண்டுதானே என்னை அந்தக் குளிருக்குள்ளை இருத்தி வைச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏனப்பா?"

யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்குப் பின்னாலை எரிஞ்சதெண்டு தெரியும். அந்தப் பெடியளின்ரை சத்தத்திலை தெரிஞ்சுது. திரும்பினால், இனி அது எனக்குத் தெரியாதெண்டதும் தெரிஞ்சுபோடும். திரும்பாட்டில், திரும்பினால் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்."

நான் வெங்காயத்தை உரித்தேன்.

"உம்மைத் தண்ணியைப் பாக்க விட்டது பிழைதான்," என்றார்.

"பிழை ஒண்டும் இல்லை," என்றேன். "எனக்கு அது வடக்குத்தான்."

5

வாணி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருக்கிறாள். வேலை மிசிசாகாவில். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறவளுக்கு எங்களிடம் வர நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். பேசும்போதே கீபோட்டில் தட்டுகிற சத்தம் கேட்கும். தமிழ் பேசுவாள், ஆனால் சொல்லுக்கு நின்று நின்று தேடுவாள். கிடைக்காத இடத்தில் ஆங்கிலத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கோவிலுக்கு வா என்றால் வீக்கெண்ட் பிசி என்பாள். என்ன பிசி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம்தான்.

அன்றைக்கு ஏரிக்கரைக் கதையைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. கீபோட் சத்தம் நின்றது.

"அப்பா நோதேர்ண் லைற்ஸ் பாத்திருக்கிறாரோ?"

"எத்தினையோ தரம். வாவாவிலை இருந்து எனக்குப் போன் எடுத்துச் சொல்லுவார். நீ நித்திரை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, அம்மா." குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் அதைத்தான் எடுக்கப் போறனான். வீக்கெண்டிலை. கமராவோடை."

"எங்கை?"

"மஸ்கோக்கா பக்கம். லைற் பொலூஷன் இல்லாத இடம். பாறை, குளம், வேறை ஒண்டும் இல்லை."

"ஆரோடை?"

"தனிய."

"பொம்பிளைப் பிள்ளை இருட்டிலை தனியவோ?"

"இற்ஸ் குவயற், அம்மா. எனக்குப் பிடிக்கும்."

எனக்கு வாயில் வந்ததை விழுங்கினேன். தகப்பனை மறிக்கவில்லை, மகளை மறித்து என்ன? "அப்பாவை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ," என்றேன். "என்னையும்."

"அப்பாவுக்குத் தெரியுமா, அம்மா? தெரியாட்டில் ஹி வில் பி ஸோ சாட்."

"தெரியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. போனால்தானே தெரியும்?"

இவர் வரமாட்டேன் என்றார். குளிர் என்றார். மூத்திரம் அடிக்கடி போகும் என்றார். வாணி அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்து நின்றாள். "அப்பா, எனக்கு றோட் காட்ட ஆள் வேணும்." போனே றோட்டைக் காட்டும் என்று இவருக்குத் தெரியும். அவளும் தெரிந்துதான் சொன்னாள். இவர் எழுந்து சப்பாத்தைத் தேடினார்.

6

முன் சீற்றில் இவர். நெடுஞ்சாலையில் ஏறியதும் முதுகு நிமிர்ந்தது. "இனி இறக்கம் வரும், காலை எடு பிள்ளை," என்றார். இறக்கம் வந்தது. "இப்ப பறி தாண்டியாச்சு, என்ன?" என்றார். அந்த ஊரைத் தாண்டியிருந்தோம். வாணி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையின் முகம் அவளுக்கு.

இறங்கிய இடம் ஒரே பாறை. இருட்டென்றால் இருட்டு. கையை நீட்டினால் கை இல்லை. வெள்ளிகள் அப்படிக் கொட்டிக்கிடந்தன. இவ்வளவையும் இந்த நாடு எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று இருந்தது. அங்கங்கே மூன்றுகால் கட்டையில் கமராக்கள், அதற்குப் பின்னால் அசையாத ஆட்கள்.

நான் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதை எடுக்கக் கார்க் கதவைத் திறந்ததும் உள் லைற் பளிச்சென்று எரிந்தது. இருட்டுக்குள் இருந்து நாலைந்து பேர் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அவர்களுடைய படம் பழுதாகுமாம்.

"சொறி, சொறி," என்று கத்திப் புட்டுப் பொதியை இழுத்தெடுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினேன். திரும்ப எரிந்தது.

"அம்மா!" வாணி பல்லைக் கடித்தாள். "பிளீஸ், காருக்குக் கிட்டப் போகாதேங்கோ."

"அப்ப புட்டு?"

"இருட்டிலை சாப்பிடுவம்," என்றார் இவர். இவருக்கு எல்லாம் ஒன்றுதான். மூவரும் பாறையில் இருந்து தடவித் தடவிச் சாப்பிட்டோம். சம்பல் மணத்துக்கு யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மரங்களுக்குச் சற்று மேலே சாம்பல் புகைபோல ஒன்று நீளமாகக் கிடந்தது. முகில் என்று நினைத்தேன்.

"அம்மா, அதுதான்," என்றாள் வாணி.

"உதுவோ? பச்சையைக் காணேல்லை?"

கமராவின் பின்பக்கத்தைக் காட்டினாள். அதில் பச்சை. நெல் வயல் மாதிரிப் பச்சை. நிமிர்ந்து பார்த்தால் சாம்பல். கமரா பத்துச் செக்கன் கண்ணை மூடாமல் பார்க்குமாம். எங்கள் கண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லையாம்.

இவரைக் கைபிடித்து எழுப்பினேன். "அந்தா, என்ரை கை நீட்டுற இடத்திலை. நேரை பாருங்கோ."

பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"தெரியேல்லை," என்றார்.

வாணி கமராவின் ஏதோ திருகைத் திருகினாள், பிறகு அதையே திரும்பத் திருகினாள்.

"சரி, தெரிஞ்சுபோச்சு," என்றார் இவர். "நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ. நான் காருக்குள்ளை இருக்கிறன்."

"காரைத் திறந்தால் அவங்கள் அடிக்க வருவாங்கள்," என்றேன். இவருடைய மப்ளரைப் பிடித்தேன். அவிழ்ந்து கிடந்தது. இவருக்கு முன்னால் போய் நின்று, இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். "குளிர் காதுக்குள்ளை போனால் நாளைக்கு ஆர் பாக்கிறது? நிமிருங்கோ. என்னைப் பாருங்கோ."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"ஆடாதையும்," என்றார்.

"என்ன?"

"அசையாதையுமப்பா. உம்மடை தலைக்கு ரெண்டு பக்கத்தாலையும் ஆடுது."

"என்ன ஆடுது?"

"அதுதான்."

என் கை மப்ளரிலேயே நின்றது. "என்ரை முகம் தெரியுதோ?"

"முகம் இல்லை. முகம் இருக்கிற இடத்திலை கறுப்பு. சுத்திவரத்தான் தெரியுது. வெள்ளையாய் எழும்பி எழும்பி விழுது. இப்ப மேலை போகுது." இவருடைய குரல் அந்தத் தொலைபேசிக் காலத்துக் குரலாகிவிட்டது. "இடப்பக்கம் கூட. ஓ, என்ன ஆட்டம்!"

எனக்குப் பின்னால் அந்த இருட்டுச் சனம் எல்லாம் ஆவென்று சத்தம் போட்டது. கமராக்கள் கிளிக் கிளிக்கென்றன.

"அம்மா!" வாணி கத்தினாள். "திரும்புங்கோ! இற்ஸ் கோயிங் கிறேஸி! இப்பத்தான் கலரே தெரியுது. கண்ணுக்கே தெரியுது. அம்மா, திரும்பிப் பாருங்கோ!"

அன்று அவள் எடுத்த படத்தில் வானம் முழுக்கப் பச்சையும், மேல் விளிம்பில் சிவப்பும். கீழே பாறையில் இரண்டு கறுப்பு உருவம். பத்துச் செக்கனுக்கும் அசையவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும், அண்ணை ஏன் வானத்தைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இந்த வயதில் இதென்ன கூத்து என்று கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

அன்று அந்தப் பாறையில் என் கால் குளிரில் விறைத்துப்போயிற்று. வாணி கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு தரம் கழுத்தைத் திருப்பினால் போதும். திருப்பினால் இவருடைய கண் என்னோடு திரும்பிவிடும், அந்த இடம் தவறிவிடும்.

"இன்னும் ஆடுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

நின்றேன்.